கண்டிப்பு, கடுமை, கொடுமை: கோத்தகிரியிலிருந்து ஒரு கேள்வி

வணக்கம். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "எங்கள் தேயிலைத் தோட்டத்து மேஸ்திரி வாயைத் திறந்தாலே ஏச்சுதான். கேட்டால், நான் கண்டிப்பானவன் என்கிறார். நிர்வாகத்துக்கு மனு எழுதப்போகிறோம். இதற்குக் கண்டிப்பு என்று பெயரா, கடுமையா, கொடுமையா?"

நல்ல கேள்வி அம்மா. மனுவில் எந்தச் சொல்லைப் போடுகிறீர்களோ, அதை வைத்துத்தான் படிக்கிறவர் எடை போடுவார்.

கண்டிப்பு வேலையைப் பற்றியது. "முற்றிய இலையைச் சேர்க்காதீர்கள், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுங்கள்" என்று ஒருவர் நாளெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். குரல் உயர்ந்தாலும் அது கண்டிப்புதான். இலை கெட்டால் தூளின் தரம் கெடும், விலை இறங்கும். காரணம் எல்லோருக்கும் தெரிந்தது.

கடுமை என்பது அளவு மீறுவது. சொல்லிலும் மீறலாம், தண்டனையிலும் மீறலாம். வள்ளுவர் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்: "கடுமொழியும் கையிகந்த தண்டமும்." கையிகந்த என்றால் அளவு கடந்த. ஒரு கைப்பிடி முற்றிய இலைக்காக அரைநாள் கூலியை வெட்டினால் அது கையிகந்த தண்டம். வலிக்கிறது என்று தெரிந்தும் வேண்டுமென்றே தொடரும்போது அது கொடுமையாகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். திருக்குறளில் இனிமையாகப் பேசுவதைப் பற்றி 'இனியவை கூறல்' என்று 10ஆம் அதிகாரம் இருக்கிறது. அது இல்லறத்தில் வருகிறது, எல்லோருக்குமானது. ஆனால் நான் இப்போது சொன்ன வரி 57ஆம் அதிகாரத்தில், 567ஆவது குறளில் வருகிறது. அது பொருட்பாலில், ஆட்சி செய்பவரைப் பற்றிய 'அரசியல்' என்ற பகுதியில் உள்ள அதிகாரம். பக்கத்து வீட்டுக்காரர் வைதால் நாமும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம். பெயர் போடுகிற நோட்டும் எடைக் கணக்கும் யார் கையில் இருக்கிறதோ, அவர் வைதால் பதில் சொல்ல முடியாது. அதிகாரத்தில் இருப்பவரின் கடுஞ்சொல் அதனாலேயே பெரிய குற்றம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அடுத்து, கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமலும் ஒருவரைக் காயப்படுத்த முடியும். தாய் வயதுள்ள பெண்ணை "ஏய், வா இங்கே" என்று ஒருமையில் அழைப்பது அப்படிப்பட்டது. சொந்தப் பிள்ளை "நீ" என்று அழைத்தால் அது உரிமை. இருபத்தைந்து வயது மேஸ்திரி சொன்னால் அவமதிப்பு. கேட்ட கேள்விக்கு முகம் கொடுக்காமல் திரும்பிக்கொள்வது அலட்சியம். பலர் முன்னால் பேச்சைப் பழித்துக் காட்டுவது ஏளனம். இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் இருக்கும்போது, எல்லாவற்றையும் 'கொடுமை' என்று ஒரே மூட்டையில் கட்டினால் மனு பலவீனமாகிவிடும்.

அந்த அம்மா கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்த அவர்களை மேஸ்திரி "அகதிக் கூட்டம்" என்கிறாராம். இது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது. 1964இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியக் குடிமக்களாக ஏற்றுக்கொள்வதாக அதில் இந்தியா ஒப்புக்கொண்டது. அப்படி வந்தவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றே அரசு குறிப்பிட்டது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அவர்களுக்கு வேலை கொடுக்கவே அரசு தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. குடியுரிமையோடு வந்தவர்களை அகதி என்பது முதலில் பொய். இழிவுபடுத்தவே சொல்லும்போது அது இழிசொல். இதில் கண்டிப்பு எங்கே இருக்கிறது? இலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே!

"கண்டிப்பு இல்லாவிட்டால் வேலை நடக்காது" என்று மேஸ்திரி வாதாடக்கூடும். அதற்கும் திருக்குறளில், 57ஆம் அதிகாரத்துக்கு அடுத்த அதிகாரமான கண்ணோட்டத்தில் பதில் இருக்கிறது. கண்ணோட்டம் என்றால் எதிரில் இருப்பவரைப் பார்த்து மனம் இரங்குவது. 578ஆவது குறள்: "கருமம் சிதையாமல் கண்ணோட வல்லார்க்கு உரிமை உடைத்துஇவ் வுலகு." வேலையும் கெடக்கூடாது, இரக்கமும் குறையக்கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடிகிறவர்களுக்கே இந்த உலகம் உரியது என்கிறார் வள்ளுவர். மழையில் அட்டைக்கடியோடு நிற்கிறவரிடம் "ஒதுங்கி நின்றுவிட்டு வாருங்கள், எடையை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்கிற மேஸ்திரிகளும் இதே மலையில் இருக்கிறார்கள். அவர்கள் தோட்டத்திலும் கொழுந்து வந்துகொண்டுதான் இருக்கிறது.

மனுவுக்கு வருவோம். "கொடுமைப்படுத்துகிறார்" என்று தொடங்காதீர்கள். எந்தத் தேதி, தோட்டத்தில் எந்தக் காடு (பகுதி), எடை போடும் நேரமா, கொழுந்து கிள்ளும் நேரமா என்று எழுதுங்கள். அவர் சொன்ன வார்த்தையை மாற்றாமல் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தாலும் மழுப்ப வேண்டாம். உடன் இருந்தவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயரையும் சேருங்கள். ஒருமையில் பேசியதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். அகதி என்று சொன்னதை முதல் பத்தியிலேயே வையுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொண்டு கொடுங்கள்.