அடி இறங்குதல்: வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய நோய் அல்ல

[காட்சி: மாலை நேரம். வீட்டுத் திண்ணை. ஒரு மூதாட்டி கையை ஊன்றி மெல்ல உட்காருகிறார்.]

வணக்கம். என் அம்மாச்சி எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார். காலையில் வளைய வருபவர், பொழுது சாயச் சாய இடுப்பைப் பிடித்துக்கொள்வார். கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும். அடி இறங்கியிருந்ததையும், 20 வருடம் உள்ளே துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே நாற்று நட்டதையும் அவர் போன பிறகுதான் அம்மா எங்களிடம் சொன்னார். பிள்ளைகளிடம் சொல்லக் கூசியிருக்கிறார்.

ஊரில் ‘அடி இறங்குதல்’ என்பதைத்தான் மருத்துவர்கள் கருப்பை இறக்கம் என்கிறார்கள்.

[காட்சி: இடுப்பெலும்பின் வரைபடம். அடியில் ஊஞ்சல் துணிபோல விரிந்த தசைகள்.]

இடுப்பெலும்பின் அடியில் விரிந்திருக்கும் இந்தத் தசைகளைப் பாருங்கள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குபவை இவைதான். கருப்பையை மேலே இழுத்துப் பிடிக்கத் தசைநார்களும் உண்டு. பிரசவத்தில், அதுவும் நெடுநேரம் முக்கிப் பெற்ற பிரசவத்தில், இரண்டும் நைந்துபோகின்றன. அவை தேறுவதற்குள் தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் தூக்கினால் மேலும் தளர்கின்றன. தீராத இருமல், மலச்சிக்கல், உடல் பருமன் எல்லாமே மேலிருந்து அழுத்துபவை. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, மிச்சமிருந்த பிடிப்பும் விடுகிறது.

ஆகவே கருப்பையின் மீது குற்றமில்லை. விட்டுப்போனது அதன் தாங்கல். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

நேபாள மலைக் கிராமங்களில் பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே சுமை தூக்கும் பெண்களிடம் இந்த நோய் மிகுதி. 2008-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இதைப் பெண்களின் இனப்பெருக்க நல உரிமை சார்ந்த பிரச்சினையாகவே ஏற்றுத் தீர்ப்பளித்தது. ‘பெண்ணாகப் பிறந்தால் இப்படித்தான்’ என்று சொல்லப்பட்ட ஒன்றை நீதிமன்றம் உரிமை என்று சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

முதலில் அடிவயிற்றில் ஒரு கனம். பிறகு ஏதோ கீழே வந்து நிற்பது போன்ற உணர்வு. முற்றினால் சதை வெளியே தெரியும். அதைக் கையால் உள்ளே தள்ளினால்தான் சிறுநீர் கழிக்க முடியும் என்ற நிலையில் வாழும் பெண்கள் இருக்கிறார்கள்.

தொடக்க நிலையில் பயிற்சி உதவும். அமெரிக்க மருத்துவர் அர்னால்டு கீகல் 1948-ல் எழுதிய பயிற்சி இது. சிறுநீரை அடக்குவதுபோல அடித்தசையை மேல்நோக்கி இறுக்குங்கள். 5 விநாடி பிடித்து, 5 விநாடி தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது. வயிறும் தொடையும் இறுகக் கூடாது. மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். முழுக்க வெளியே வந்துவிட்ட கருப்பையை இது மேலே ஏற்றாது.

[காட்சி: உள்ளங்கையில் ஒரு சிலிக்கோன் வளையம். விரல்கள் அதைப் பிறைபோல மடிக்கின்றன, விட்டதும் விரிகிறது.]

இதன் பெயர் பெஸரி. கண்ணாடி வளையலைப் போல இருக்கிறது, ஆனால் வளைகிறது. மருத்துவர் இப்படி மடித்து உள்ளே வைப்பார். விரிந்து நின்று கருப்பையைத் தாங்கும். அளவு சரியாக இருந்தால் உள்ளே இருப்பதே தெரியாது. சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து, புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வைத்ததை மறந்துவிடுவதுதான் ஆபத்து. அறுவை சிகிச்சை தாங்காத உடம்புக்கு இது பெரிய வரம். அம்மாச்சிக்கு இது ஒன்று கிடைத்திருந்தால் போதுமே என்று இன்றும் நினைக்கிறேன்.

அறுவை சிகிச்சை என்றதும் ‘எடுத்துவிடலாம்’ என்ற பேச்சுதான் முதலில் வருகிறது. பிள்ளைப்பேறு முடிந்தவர்களுக்குப் பிறப்புறுப்பு வழியாகவே கருப்பையை எடுக்கலாம். வயிற்றில் தழும்பு இராது. ஆனால் நைந்த தாங்கலைச் சேர்த்துச் சரிசெய்யாவிட்டால், பிறப்புறுப்பின் மேல்முனை பின்னாளில் இறங்கக்கூடும். இன்னும் பிள்ளை வேண்டும் என்பவர்களுக்குக் கருப்பையை எடுக்காமலே மேலே இழுத்துக் கட்டும் முறைகள் உண்டு. அவற்றில் இரண்டு, பம்பாய் மருத்துவர்களான ஷிரோத்கர், புரந்தரே பெயர்களாலேயே அறியப்படுகின்றன. எனவே, ‘எடுக்காமல் சரிசெய்ய வழி இருக்கிறதா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, வெளியே வந்த சதையில் புண் ஏற்பட்டாலோ, மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டாலோ நாள் கடத்தாதீர்கள்.

[காட்சி: மருத்துவமனை அறை. திரைச்சீலைக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு.]

மருத்துவரிடம் ‘அடி இறங்கியிருக்கிறது’ என்ற ஒரு வார்த்தை போதும். படுக்க வைத்து, ஒருமுறை இருமச் சொல்வார். அந்த இருமலை அடக்கிக்கொள்ளாதீர்கள். நன்றாக இருமினால்தான் எவ்வளவு இறங்குகிறது என்று அவருக்குத் தெரியும்.