கருவியைத் தொட முன்னர் ஒரு படம் கீறுங்கள்

நேயர்களுக்கு அன்பான வணக்கம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு அடுத்தது என்ன என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கும், வெல்டிங் வேலையில் இருந்துகொண்டு ஒரு படி மேலே போக நினைப்பவர்களுக்கும், உலோகத்தை வெட்டாமல் ஒலியால் அதன் உள்ளே சோதிக்கும் கழியொலிப் பரிசோதனை நல்ல தொழில். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக யூ.ரீ. என்பார்கள்.

கொழும்புத் துறைமுகத்தில் திருத்த வேலைக்குக் கொண்டுவரப்படும் கப்பலை எடுத்துக்கொள்வோம். வெளியே பெயின்ற் பூசிய தகடு, உள்ளே துரு தின்றிருக்கலாம். மிச்சத் தடிப்பு எவ்வளவு? வெட்டிப் பார்க்க முடியாது. அதனால் காதுக்கு எட்டாத ஒலியை, பெரும்பாலும் 1 முதல் 10 மெகாஹேட்ஸ் வரையிலான ஒலியை, வெளிப்பக்கமிருந்து உள்ளே அனுப்புகிறோம். உருக்கில் அது செக்கனுக்குச் சுமார் 5,900 மீற்றர் வேகத்தில் ஓடி, மறுபக்கத்தில் முட்டித் திரும்பும். போய்வந்த நேரத்தை வேகத்தால் பெருக்கி இரண்டால் பிரித்தால் தடிப்பு வந்துவிடும். ஒலியை அனுப்பி வாங்கும் புரோப்புக்கும் தகட்டுக்கும் இடையில் ஜெல்லோ எண்ணெயோ பூசவேண்டும். மெல்லிய காற்றுப் படலம் இருந்தால்கூட ஒலி உள்ளே போகாது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும்போது ஜெல் பூசுவதும் இதற்காகத்தான்.

தடிப்பு அளப்பதைச் சீக்கிரம் பழகிவிடலாம். வெல்டிங்கைச் சோதிப்பதுதான் உண்மையான படிப்பு. அங்கே ஒலியை 45, 60 அல்லது 70 பாகையில் சரிவாக அனுப்புகிறோம். திரையில் ஒரு கூர்மையான எதிரொலி எழும்பும். அது வெடிப்பா இல்லையா என்று திரை சொல்லாது.

20 மில்லிமீற்றர் தகடு, 60 பாகை புரோப் என்று வையுங்கள். ஒலி அடிப்பக்கத்தைத் தொட 40 மில்லிமீற்றர் ஓடவேண்டும். 40இலோ அதற்குச் சற்று முன்னரோ எதிரொலி வந்தால் வெல்டிங்கின் அடியில் வெடிப்பு, அல்லது சரியாக உருகி ஒட்டாத இடம் என்று சந்தேகிக்கவேண்டும். 40ஐச் சற்றுத் தாண்டி வந்தால் அடியில் வழிந்து துருத்திய உலோகமாக இருக்கலாம். ஒன்று ஆபத்து, மற்றது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளக்கூடியது. இரண்டுக்கும் இடையில் ஓரிரு மில்லிமீற்றர்தான்! இணைப்பின் குறுக்குவெட்டைத் தாளில் அளவுக்குக் கீறி, ஒலி போகும் பாதையையும் கீறி, எதிரொலி எந்தப் புள்ளியில் விழுகிறது என்று பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்லவேண்டும். மறுபக்கமிருந்தும் சோதித்து, இரண்டு படமும் ஒத்துவருகிறதா என்று பார்க்கவேண்டும்.

அந்த ஓரிரு மில்லிமீற்றருக்காகத்தான் வி1 என்ற, அளவுகள் துல்லியமாகத் தெரிந்த உருக்குக் கட்டையில் கருவியைச் சரிபார்க்கச் சொல்லி ஆசிரியர்கள் திரும்பத் திரும்ப வற்புறுத்துகிறார்கள். பயிலுநருக்கு அது சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் புரோப்பின் அடி தேய்ந்தால் பாகை மாறும், பாகை மாறினால் நீங்கள் கீறிய படம் முழுவதும் பொய். இன்னொன்றையும் மறக்கவேண்டாம்: ஒலி போகும் திசைக்கு ஒப்ப நீளவாக்கில் கிடக்கும் வெடிப்பு ஒலியை நம்மிடம் திருப்பி அனுப்பாது. எதிரொலி இல்லை என்பதை வைத்துக் குறை இல்லை என்று எழுதிவிடக்கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட கோணத்தில் பார்ப்பது இதனால்தான்.

சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 9712 இந்தத் தொழிலில் மூன்று நிலைகளை வகுத்திருக்கிறது. முதல் நிலையில் இருப்பவர் மேற்பார்வையின் கீழ் பரிசோதிப்பார். முடிவை விளக்கித் தீர்மானிப்பது இரண்டாம் நிலையிலிருந்து. வகுப்போடு வேலை அனுபவமும் கணக்கில் வரும், கண்பார்வையையும் சோதிப்பார்கள். கணிதம் என்று பயப்படவேண்டாம், சைன், கோசைன், தான்ஜன் தெரிந்தால் தொடங்கலாம். வெல்டிங் செய்து பழகியவருக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது என்பது என் எண்ணம். குறை எங்கே உண்டாகும் என்று அவருடைய கைக்கே தெரியும்.

இலங்கை அணுசக்திச் சபையின் கீழ், பொருளைச் சேதப்படுத்தாமல் பரிசோதிப்பதற்கான தேசிய நிலையம் களனியில் இருக்கிறது. பயிற்சி நெறிகள் எப்போது தொடங்குகின்றன, எந்த மொழியில் நடக்கின்றன என்று அங்கே நேரில் போய்க் கேளுங்கள். போக முன்னர் முக்கோண கணிதப் பாடத்தை ஒருதரம் புரட்டிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.