முதுமையில் தோல் புற்றுநோய்: கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

வணக்கம் நேயர்களே. முதியவர்களிடம் தோல் புற்றுநோய் கூடிவருகிறது என்ற செய்தி அடிக்கடி காதில் விழுகிறது. உண்மைதான். ஆனால் எந்த வகை, எதனால் என்று பிரித்துப் பார்க்காவிட்டால் வீண் பயம்தான் மிஞ்சும்.

2022ஆம் ஆண்டின் உலக மதிப்பீட்டில், நிறமி செல்களில் தோன்றும் மெலனோமா சுமார் 3,30,000 பேருக்குப் புதிதாக வந்தது. மற்ற தோல் புற்றுகள் சுமார் 12 லட்சம். இரண்டாவது எண்ணை நான் அப்படியே நம்ப மாட்டேன். அந்த மற்ற வகைகளில் முக்கியமான அடித்தள செல் புற்று, செதிள் செல் புற்று ஆகிய இரண்டையும் புறநோயாளிப் பிரிவிலேயே வெட்டி எடுத்து அனுப்பிவிடுவார்கள். பல நாடுகளின் பதிவேடுகளில் அவை ஏறுவதே இல்லை.

கூடுவதற்கு முதல் காரணம், முதியோர் தொகையே பெருகியிருப்பது. வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிக் கணக்கிட்டாலும், வெளிர்நிற மக்கள் மிகுந்த பல நாடுகளில் அறுபதைக் கடந்தவர்களிடம் மெலனோமா விகிதம் ஏறியே இருக்கிறது. இளமையில் தோலில் பட்ட புற ஊதாக் கதிரின் சேதம் முப்பது, நாற்பது ஆண்டு கழித்துத்தான் வெளியே தெரிகிறது. அதற்குள் செல்லின் பழுதுநீக்கும் திறனும் எதிர்ப்புச் சக்தியும் தளர்ந்துவிடுகின்றன. ஆஸ்திரேலியாவில் சட்டை, சன்ஸ்கிரீன், தொப்பி என்று 1981இல் பெரிய பிரசாரம் தொடங்கியது. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறையில் மெலனோமா குறைகிறது. அதற்கு முன்பே வெயிலில் காய்ந்தவர்களிடம் குறையவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியை வைத்துத் தோலைப் பார்ப்பதும், சிறு துண்டை வெட்டிச் சோதிக்கும் பயாப்சி எடுப்பதும் பெருகியதால், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள மெலனோமாக்கள் ஏராளமாகப் பிடிபடுகின்றன. இவற்றில் சில, ஆயுள் முழுக்கத் தொல்லை தராமலே இருந்திருக்கும். அதனால் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறிய அளவுக்குச் சாவு ஏறவில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும், 2011 முதல் வந்த மருந்துகளும் சாவைக் குறைத்தன. கவலைப்பட வேண்டியது தாமதமாகப் பிடிபடும் தடித்த கட்டிகளைப் பற்றித்தான். வயதான ஆண்களிடம் இவை அதிகம். முதுகும் உச்சந்தலையும் காதின் பின்புறமும் தன் கண்ணுக்கே தெரியாதே!

பழைய மச்சத்தில் சமச்சீரின்மை, ஒழுங்கற்ற ஓரம், பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், மாற்றம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வது வழக்கம். முதியவர்களுக்கு இது மட்டும் போதாது. வேகமாக வளரும் முடிச்சு மெலனோமா உருண்டையாக, ஒரே நிறமாக, சில சமயம் வெறும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். மேடாக, தொட்டால் கெட்டியாக, ஒரு மாதமாக வளர்ந்துகொண்டே இருந்தால் காத்திருக்கக் கூடாது. அடித்தள செல் புற்றின் போக்கே வேறு. மூக்கோரத்தில் முத்துபோல மினுங்கும் சிறு மேடு, துண்டால் துடைத்தால் ரத்தம் கசியும், பொருக்குத் தட்டும், ஆறிவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி கசியும். நான்கு வாரத்தில் ஆறாத புண் எதுவானாலும் காட்டிவிட வேண்டும்.

கருநிறத் தோலில் இந்நோய் மிகக் குறைவு, ஆனால் பிடிபடுவது தாமதமாக. இங்கே மெலனோமா உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அதற்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பில்லை. ஒரே நகத்தில் கருங்கோடு அகலமாகிக்கொண்டே போய், நிறம் நகக்கண்ணின் தோலுக்கும் பரவினால் உடனே காட்டுங்கள். பழைய தீக்காயத் தழும்பில் புதிதாகப் புண் வந்தாலும் அப்படியே.

சன்ஸ்கிரீன் இந்த வயதில் வீண் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் 1992இல் தொடங்கிய ஓர் ஆய்வில், தினமும் பூசிய வயதுவந்தவர்களிடம் செதிள் செல் புற்று சுமார் 40 சதவீதம் குறைந்தது. அளவுதான் தவறுகிறது: முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தேக்கரண்டி வேண்டும், வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை. இரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு நெடுங்காலமாக எடுப்பவர்களுக்குச் செதிள் செல் புற்று வாய்ப்புச் சற்றுக் கூடுகிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது நகப்பூச்சை அழித்துவிடுங்கள், காலுறையைக் கழற்றிக் காட்டுங்கள். சந்தேகப்படும் இடத்தை அளவுகோல் பக்கத்தில் வைத்துத் தேதியோடு எடுத்த படம் இருந்தால், மருத்துவருக்கு அது பாதி விடை.