காத்து தளர்ந்தா மணல் இறங்கும்: தனுஷ்கோடி மணல்மேடுகள்

[காட்சி: அரிச்சல்முனைச் சாலை. தாருக்கு மேல் மணல் நெளிந்து ஓடுகிறது.]

மதுரையில இருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். அங்க இருந்து தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குப் போற சாலையில ஆனி, ஆடியில இறங்கி நின்னு பாருங்க. கணுக்கால்ல சுள்ளுனு மணல் அடிக்கும், முகத்துல அவ்வளவா படாது. ஏன்னா கடற்கரை மணல்ல பெரும்பகுதி தரையை ஒட்டி ஒரு முழ உயரத்துக்குள்ளயே துள்ளித் துள்ளிப் போகுது.

ஒரு மணல் மணி எழும்புது, காத்து அதை முன்னால தள்ளுது, சாய்வா வந்து தரையில மோதுது. மோதின வேகத்துல இன்னும் சில மணிகள் கிளம்புது. துள்ள முடியாத பெரிய மணிகள் அடி வாங்கி வாங்கி உருளுது. கால் மில்லிமீட்டர் அளவுள்ள காய்ஞ்ச மணல் நகர, காத்து மணிக்கு சுமார் 20 கிலோமீட்டராவது அடிக்கணும். அதுக்கு மேல வேகம் கொஞ்சம் கூடினாலே நகர்ற மணல் பல மடங்கு கூடும். காத்து நல்லா பலமாயிட்டா கணக்கு இப்படி: வேகம் இரண்டு மடங்கு, மணல் ஏறக்குறைய எட்டு மடங்கு. அதனால வருஷம் பூரா வீசற மெல்லிய காத்தை விட சில நாள் பலத்த காத்துதான் மேட்டோட உருவத்தைத் தீர்மானிக்குது.

ஈரம் இருந்தா இந்தக் கணக்கு செல்லாது. நனைஞ்ச மணிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். வாடைக்காத்து அடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில மழையும் சேர்ந்து வர்றதால, மேல்மணல் காய்ற இடைவெளியிலதான் வேலை நடக்கும்.

[காட்சி: ஒரு மேட்டின் பக்கவாட்டுத் தோற்றம்.]

இப்ப மேட்டைப் பக்கவாட்டுல பாருங்க. காத்து ஏறி வர்ற பக்கம் 10, 15 டிகிரிதான் சாய்வு. மேல ஏற ஏற காத்து நெருக்கப்பட்டு வேகம் எடுக்கும், மணலை அரிச்சு உச்சிக்குக் கொண்டு போகும். உச்சியைத் தாண்டினதும் காத்து தரையை விட்டு விலகிடும். அந்த மறைவுல மணல் விழுந்து குவியுது. சாய்வு 34 டிகிரியைத் தொட்டா சரிஞ்சிடும். மேடு இடுப்பளவா இருந்தாலும் பனை உயரமா இருந்தாலும் அந்தச் சரிவு 32-லிருந்து 34-க்குள்ளதான் நிக்கும். ஒரு நேரான குச்சியைச் சரிவுல படுக்க வெச்சு, அது மேல செல்போன்ல சாய்வு பாருங்க, தெரிஞ்சிடும். தென்மேற்குக் காத்துல இந்தச் செங்குத்துப் பக்கம் பாக் நீரிணை பக்கமாத் திரும்பியிருக்கும். வாடையில உச்சியோட விளிம்பு மட்டும் மன்னார் வளைகுடா பக்கம் புரளும்.

[காட்சி: மொட்டை மாடி, பெடஸ்டல் ஃபேன், அரைச் செங்கல்.]

இதை வீட்டுலயே செஞ்சு பார்க்கலாம். கட்டட வேலையில மிஞ்சின ஆத்து மணல் ஒரு சட்டி போதும். எம்-சாண்ட் வேண்டாம், அதுல கல்தூசி அதிகம், கண்ணுக்குத்தான் வரும். மணலை மாவு சல்லடையில சலிச்சு, ஒரு முழு வெயில்ல காய வெச்சு, தார்ப்பாய் மேல இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்க. கண்ணாடி போட்டுக்கோங்க. ஃபேனை ஒரு மீட்டருக்குள்ள வெச்சு, தலையைக் கொஞ்சம் கவிழ்த்து, முழு வேகத்துல விடுங்க. மணல் அசையலைன்னா ஈரம் போகலைன்னு அர்த்தம், இல்லைன்னா மணி பெருசு.

நடுவுல அரைச் செங்கலை வைங்க. செங்கலுக்கு முன்னாலயும் இரண்டு மூலையிலயும் குழி விழும், பின்னால வால் மாதிரி மணல் நீளும். 1964 டிசம்பர் புயல்ல இடிஞ்ச தனுஷ்கோடிச் சுவர்களைச் சுத்தியும் இதே குழியையும் வாலையும் தேடிப் பாருங்க. இப்ப செங்கலை எடுத்துட்டு, அந்த இடத்துல விளக்குமாத்து ஈர்க்குச்சிகளை இடைவெளி விட்டு நட்டு வைங்க. குழி பெரும்பாலும் விழாது. குச்சிகளுக்கு நடுவுலயும் பின்னாலயும் மணல் அமைதியா இறங்கும்.

கரையில இராவணன் மீசைப் புல்லும் அடும்பங்கொடியும் செய்யறது இந்த வேலைதான். மணல் மூட மூட அதுங்க மேல வளரும், மேடும் கூடவே வளரும். வண்டி ஓட்டி அந்தப் பச்சையை ஒரு இடத்துல கிழிச்சிட்டா, காத்து அந்தச் சந்துல புகுந்து வேகம் பிடிச்சு ஈரமணல் தட்டுற வரைக்கும் தோண்டும். அரிச்ச மணல் உள்பக்கம் போய்க் குவியும். அதுக்கு அப்புறம் தானா மூடறது ரொம்பக் கஷ்டம், அதனாலதான் மேட்டு மேல வண்டி ஏத்தாதீங்கன்னு கெஞ்சிக் கேக்கிறோம்.

குழியை அடைக்க மதில் கட்டாதீங்க, செங்கல் கதைதான் ஆகும். பனைமட்டையால ஒரு மீட்டர் உயர வேலி போடுங்க, பாதி மட்டை, பாதி இடைவெளி. முக்கியமான காத்துக்குக் குறுக்கே நிக்கணும். காத்தோட போக்குலயே போட்டா மணல் நிக்காம பக்கவாட்டுல ஓடிடும். நெருக்கி முடைஞ்சா அடி அரிச்சு வேலி சாயும். அலை ஏறி வர்ற இடத்துலயும் வேண்டாம். மணல் மட்டை நுனி வரைக்கும் ஏறினதும், அது மேலயே அடுத்த வேலி. மழை ஆரம்பிச்சதும் வேலிக்குப் பின்னால அடும்பங்கொடித் துண்டுகளைக் கணு மண்ணுக்குள்ள இருக்கற மாதிரி புதைச்சு விடுங்க.