எத்தனை நாள் தாங்கும்?

(சிறுதொழில் தொடங்க விரும்புவோர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். உணவுத் தொழிலில் என்ன புதுமை செய்யலாம், பணத்தை எதில் போடலாம் என்று பேசச் சொன்னார்கள். நான் இட்லி மாவு விற்று நஷ்டப்பட்ட கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அது சித்திரை மாதம். காலையில் நாற்பது பாக்கெட் மாவைக் கடையில் போட்டுவிட்டு வந்தேன். மதியம் போய்ப் பார்த்தால் எல்லாம் பலூன் மாதிரி உப்பி நிற்கிறது. "அண்ணே, மாவு குடுத்தீங்களா, குண்டு குடுத்தீங்களா?" என்றார் கடைக்காரர். மாவில் குற்றமில்லை. இட்லியைப் பூப்போல ஆக்குகிற அதே நுண்ணுயிர்கள்தான் வெயிலில் அவசரப்பட்டுவிட்டன. பெரிய கிரைண்டருக்குக் கடன் வாங்கிய நான், குளிர்பெட்டிக்கு வாங்கவில்லை. அரைக்கிற வேகத்துக்குப் பணம் போட்டேன், அரைத்தது தாங்குகிற நாளுக்குப் போடவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பண்டத்தைப் பார்த்தாலும் இது எத்தனை நாள் தாங்கும் என்றுதான் முதலில் கேட்பேன். வீட்டில் புது மருமகள் வைத்த ரசத்தையும் அப்படிக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது வேறு கதை.

பழனி பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விருப்பாச்சி மலைவாழைப் பழத்தில் நீர் குறைவு. அதோடு சர்க்கரை, தேன், நெய் எல்லாம் சேரும், தண்ணீர் மட்டும் ஒரு சொட்டு சேராது. இருக்கிற ஈரத்தையும் சர்க்கரை பிடித்துவைத்துக்கொள்வதால் கிருமிக்குக் குடிக்க எதுவும் மிஞ்சாது. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அடுத்த ஆண்டு கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கும் கிடைத்தது. கடலை மிட்டாய்க்கு எதிரி காற்றின் ஈரம். பாகு பதம் கைவந்தவர்களுக்கு அடுத்த செலவு நல்ல உறைதான்.

இப்போது நீரா. தென்னம்பாளையிலிருந்து இறக்கும் இனிப்புச் சாறு. தமிழ்நாட்டில் 2017-ல் இதற்கு அனுமதி வந்தபோது தோப்புக்காரர்கள் பலர் துள்ளினார்கள். சிக்கல் என்னவென்றால், மரத்தில் கட்டிய பானையிலேயே சாறு புளிக்க ஆரம்பித்துவிடும். சில மணி நேரத்தில் நீரா கள்ளாகிவிடும், அப்புறம் அதற்கு வேறு சட்டம்! காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரு குழாய்ப் பெட்டிக்குள் பனிக்கட்டி, நடுவே ஒரு பை. சாறு பாளையிலிருந்து சொட்டும்போதே குளிர்ந்துவிடுகிறது, புளிப்பதில்லை. பார்த்தால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். என்னைக் கேட்டால், கோடி ரூபாய் எந்திரத்தைவிட இதுதான் புதுமை. கெடுதல் எங்கே தொடங்குகிறதோ அங்கேயே போய்க் கையை வைத்தார்கள்.

குடிக்க விற்க வேண்டாம், சர்க்கரையாகக் காய்ச்சலாம் என்பவர்கள் விறகுக் கணக்கையும் பாருங்கள். சாற்றில் சர்க்கரை நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவுதான். மீதி பெரும்பாலும் ஆவியாக்க வேண்டிய தண்ணீர்.

சரி, பணத்துக்கு வருவோம். 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த குறு உணவு நிறுவனங்களுக்கான திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மானியம் கைக்கு வராது, கடன் கணக்கில்தான் சேரும். அதை நம்பி எந்திரத்தை வாங்கிவிட்டு, கடலைக்கும் வெல்லத்துக்கும் காசில்லாமல் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். கடைக்காரர் காசு தர ஒரு மாதம் ஆகும், கடலை மண்டியில் அன்றைக்கே கேட்பார்கள்.

சாம்பார் சாதத்தை வெப்பம் தாங்கும் உறையில் காற்றுப் புகாமல் அடைத்து, அதற்கென்றே உள்ள அழுத்த எந்திரத்தில் 121 டிகிரியில் வேகவைத்தால், குளிர்பெட்டி இல்லாமலே பல மாதம் இருக்கும். அந்த எந்திரம் விலை அதிகம். வாங்காதீர்கள். டெல்டாவில் நனைந்த நெல்லைக் காப்பாற்றத் தொடங்கிய ஆராய்ச்சி மையம்தான் இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக இருக்கிறது. தொழில் தொடங்குவோருக்கு எந்திர வசதியும் யோசனையும் கொடுத்துக் கைதூக்கிவிடும் தொழில்காப்பகம் அங்கே உண்டு, முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

அதற்கும் முன்னால், வீட்டுக்குப் போனதும் உங்கள் பண்டத்தைப் பத்துப் பாக்கெட் போட்டு, தேதி எழுதி, சமையலறை அலமாரியில் வையுங்கள். குளிர்பெட்டியில் வேண்டாம், கடையில் எப்படி இருக்குமோ அப்படி. தினமும் ஒன்றைப் பிரித்து முகர்ந்து, ருசி பார்த்து எழுதுங்கள். எந்த நாளில் முகம் சுளிக்கிறதோ, அந்த நோட்டோடு வாருங்கள். எந்திரத்தைப் பற்றி அப்போது பேசுவோம்.