ஊர்ப்பொதுக் கோபர் கேஸ்: முதலில் சாணியை எடை போடுங்கள்

(கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி வட்டாரக் கிராமக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியவர்களே, இளைஞர்களே, வணக்கம்.

ஊருக்குப் பொதுவாக ஒரு சாண எரிவாயு (கோபர் கேஸ்) கலன் கட்டலாம் என்று பேச்செடுத்தால், செலவு எவ்வளவு, மானியம் உண்டா என்றுதான் முதலில் கேட்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. விடிந்ததும், சாணியைக் கரைத்துக் கலனுக்குள் விடுகிற கலவைத் தொட்டிக்கு எத்தனை கிலோ சாணி வந்து சேரும்?

ஒரு கன மீட்டர் வாயுவுக்குப் பசுஞ்சாணி 25 கிலோ வேண்டும். நாலைந்து பேர் உள்ள வீட்டுச் சமையலுக்கு ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து ஒன்றேகால் கன மீட்டர் ஆகும். 20 வீட்டுக்கு 25 கன மீட்டர் என்றால் சாணி 625 கிலோ. நாள் முழுக்கக் கொட்டகையில் கட்டிய மாடு சுமார் 10 கிலோ போடும். மேய்ச்சலுக்குப் போகிற மாடு பாதியைக் கொல்லையிலும் வரப்பிலும் போட்டுவிட்டுத்தான் வீடு திரும்பும். 80 மேய்ச்சல் மாட்டை நம்பிக் கட்டினால் தேறுவது 400 கிலோ. வாயு 16 கன மீட்டர்தான். அதனால் மாட்டுத் தலையை எண்ணாதீர்கள். ஒரு வாரம் வீடு வீடாகச் சாணியை எடை போட்டு நோட்டில் எழுதுங்கள்.

கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்துப் புரா கிராமத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கிராமங்களுக்கான தொழில்நுட்பத்தை ஆராய்ந்த ஆஸ்திரா குழு பொதுக் கலன் அமைத்தது. எல்லா வீட்டுச் சமையலுக்கும் சாணி போதவில்லை. 1987-இல் அதே வாயுவில் எஞ்சினை ஓட்டி, குடிநீருக்கும் விளக்குக்கும் மின்சாரம் எடுத்தார்கள். சாணி குறைவாக உள்ள ஊருக்கு இந்த வழிதான் நேர்மையானது என்பது எங்கள் கருத்து.

சாணியும் தண்ணீரும் சமபங்கு. முந்தின நாள் சாணி காய்ந்திருந்தால் தண்ணீர் கூடுதலாக வேண்டும். கையால் கரைத்து, வைக்கோலையும் கல்லையும் பொறுக்கிப் போட்டுவிட்டே கலவைத் தொட்டியின் அடைப்பைத் திறக்க வேண்டும். வைக்கோல் மேலே ஏடாகக் கட்டிக்கொள்ளும். மணல் அடியில் படிந்து கலனின் கொள்ளளவைத் தின்னும். 625 கிலோ சாணிக்கு, தண்ணீரும் சேர்த்து, நாளொன்றுக்கு 1,250 லிட்டர் கரைசல் 40 நாள் உள்ளே தங்க, 50 கன மீட்டர் இடம் வேண்டும். சோப்புத் தண்ணீர், பினாயில் கழுவிய நீர், ஊசி போட்ட மாட்டின் சாணி எதுவும் உள்ளே போகக் கூடாது. பண்ருட்டிப் பக்கம் பலாக்கழிவை ஒரேயடியாகக் கொட்டினால் கரைசல் புளித்துப்போய் வாயு நின்றுவிடும். அப்படி ஆனால் சில நாள் எதுவும் போடாமல், தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சரிசெய்யலாம்.

முதலில் வரும் வாயு எரியாது. அதில் கரியமில வாயுவே அதிகம், காற்றும் கலந்திருக்கும். அதை வெளியே விட்டுவிடுங்கள். பற்றவைத்துப் பார்ப்பதை அடுப்பில்தான் செய்ய வேண்டும், கலனருகே குழாய் வாயில் ஒருபோதும் கூடாது.

நம் மண் சமதரை என்பதால் குழாயில்தான் தொல்லை அதிகம். வாயுவோடு வரும் ஈரம் குளிர்ந்து தண்ணீராகிப் பள்ளத்தில் தேங்கினால் சுடர் துடித்துத் துடித்து அணையும். 100 அடிக்கு ஓர் அடி சரிவு கொடுங்கள். சரிவு முடிகிற ஒவ்வொரு தாழ்விலும் தண்ணீர் வடிக்க ஒரு திறப்பு வையுங்கள். சிலிண்டர் அடுப்பின் சிறிய துளை இதற்கு ஆகாது, கோபர் கேஸ் அடுப்பே வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று முறை வைத்துத் திறந்தால் கடைசி வீட்டுக்கும் அழுத்தம் கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறும். காலியாக நிற்கும் கலனை அது தூக்கி விரிசல் விடச் செய்யும். பங்குனி, சித்திரையில் கட்டி முடித்து உடனே நிரப்புங்கள். கலனின் மேலே வாயுவைப் பிடித்து வைக்கும் மிதக்கும் இரும்பு டிரம்மை உப்புக்காற்றுக்கு ஆண்டுதோறும் வர்ணம் பூசிக் காக்க வேண்டும்.

உள்ளே போனது ஏறக்குறைய அத்தனையும் சாணிப்பாலாக வெளியே வரும். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு லிட்டர்! அதற்கு இரண்டு மூன்று குழிகள் வேண்டும். கரும்புத் தோகையோடு கலந்து மட்கவைத்து, சாணி கொடுத்தவருக்கு அவரவர் எடைக்கேற்ப எருவாகத் திருப்பிக் கொடுங்கள். எருக்குழியில் போட வேண்டிய சாணியை இங்கே கொண்டுவருகிறவருக்கு அது திரும்பி வராவிட்டால், அடுத்த வருடம் கூடை காலியாகத்தான் வரும்.

தூர் வாரும்போது யாரும் கலனுக்குள் இறங்கக் கூடாது. உள்ளே பிராணவாயு இருக்காது, நச்சுவாயு இருக்கும். விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினால் அவரும் விழுவார். பம்பு வைத்து வெளியே இருந்தபடியே இறையுங்கள்.