ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: பிலிப்பைன்ஸ் வீரர்களும் அயல்நாட்டு ஒப்பந்தங்களும்

மேடையில் வீற்றிருக்கும் கூடைப்பந்துக் கழகத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் குறிப்பில் பாதியைக் காலி செய்துவிட்ட வழக்கறிஞர் ஐயா அவர்களே, பொன்னாடை போர்த்திய பொருளாளர் அவர்களே, மைதானத்துக்கு விளக்குக் கம்பம் வாங்கிக் கொடுத்ததோடு நில்லாமல், வேறொரு நிகழ்ச்சியை ஒத்திவைத்து இங்கே வந்து பொறுமையாக அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்களே, முன்வரிசைப் பெற்றோர்களே, பந்தைக் காலுக்கடியில் அமுக்கி வைத்துக்கொண்டு பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

தலைவர் அவர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு, பிலிப்பைன்ஸ் கூடைப்பந்து வீரர்களை வெளிநாட்டு லீக்குகள் அள்ளிக்கொண்டு போவது பற்றி. நான்கு செய்திகள் சொல்கிறேன். ஏன் அழைக்கிறார்கள், என்னென்ன காகிதம் வேண்டும், பணம் எங்கே கசிகிறது, நான்காவதாகப் பெண்கள் கூடைப்பந்து. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பழமொழி வைத்திருக்கிறேன்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

முதலில் ஏன் என்ற கேள்வி. பிலிப்பைன்ஸில் கூடைப்பந்து எப்படிப்பட்ட பைத்தியம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். 2023 உலகக் கோப்பையின் தொடக்க நாளில், பிலிப்பைன்ஸும் டொமினிக்கன் குடியரசும் ஆடியதைப் பார்க்க அரங்கில் 38,115 பேர். உலகக் கோப்பைப் பார்வையாளர் சாதனை அது. ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான பி.பி.ஏ. அங்கேதான் 1975-இல் பிறந்தது. அவ்வளவு காலமும் அந்த நாட்டு வீரனுக்கு உச்சம் என்றால் பி.பி.ஏ.தான். வெளியே போக வழி இல்லை என்றில்லை. போனால் அங்கே அமெரிக்கர்களோடு ஒரே வெளிநாட்டு இடத்துக்குப் போட்டி போட வேண்டும். எந்தக் கிளப் அந்த இடத்தை ஆறடி உயர மணிலாக்காரருக்குக் கொடுக்கும்?

அந்தப் பூட்டைத் திறந்தது ஜப்பான். 2016-இல் தொடங்கிய பி.லீக், 2020-21 சீசனில் ஆசிய ஒதுக்கீடு என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சீனா, தைவான், தென் கொரியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஐந்து இடங்களிலிருந்து வருபவர் வெளிநாட்டுக் கணக்கில் சேரமாட்டார். முதலில் போன பிலிப்பைன்ஸ்காரர் தேர்டி ரவேனா, சான்-என் நியோபீனிக்ஸ் அணிக்கு. அடுத்த ஆண்டே டுவைட் ராமோஸ் டொயாமாவுக்கு, பாபி ரே பார்க்ஸ் நகோயாவுக்கு என்று வரிசை கட்டியது. 2022-இல் கொரியாவின் கே.பி.எல். தன் ஆசிய ஒதுக்கீட்டைப் பிலிப்பைன்ஸுக்கும் நீட்டியது. முதல் சீசனிலேயே உல்சான் அணியின் ஆர்.ஜே. அபாரியென்டோஸ் சிறந்த புதுமுகம்; ரென்ஸ் அபாண்டோ ஆடிய அன்யாங் அணிக்குக் கோப்பை. அடுத்த சீசனில் வொன்ஜு அணியின் ஈதன் அல்வானோ உள்நாட்டு வீரர் பிரிவில் எம்.வி.பி., அதாவது சீசனின் மிகச் சிறந்த வீரர். 2025-இல் கார்ல் தமாயோ இருந்த சாங்வோன் எல்.ஜி. தன் முதல் கோப்பையைத் தூக்கியது.

பயிற்சியாளர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு லீக்கும் ஒன்றல்ல. ஜப்பானில் களத்தில் ஒரே நேரத்தில் இரண்டு வெளிநாட்டவர் நிற்கலாம். மூன்றாவதாக ஆசிய வீரரோ, ஜப்பான் குடியுரிமை பெற்ற வெளிநாட்டுக்காரரோ ஒருவர். அந்த வெளிநாட்டவர் பெரும்பாலும் வளையத்துக்குக் கீழே நிற்கும் உயரக்காரர்கள். அதனால் மணிலாவில் சென்டராக ஆடியவர் ஜப்பானில் வெளிவட்டத்துக்குத் தள்ளப்படுவார். அணியில் குடியுரிமை பெற்ற அமெரிக்கர் ஒருவர் இருந்தால் அவரும் நம் ஆளும் ஒரே இடத்தைப் பங்கு போட வேண்டும்; ஒருவர் ஆடும்போது மற்றவர் பெஞ்சில். கொரியாவில் அணிக்கு இரண்டு வெளிநாட்டவர் என்றாலும் 2025-26 சீசன் வரை களத்தில் ஒருவர்தான், ஆசிய ஒதுக்கீட்டு வீரர் உள்நாட்டவரைப் போலவே ஆடலாம். தமாயோ போன்ற உயரமான ஃபார்வர்டுக்கு அங்கே மூச்சுவிட இடம் இருக்கிறது. சம்பளத்தை மட்டும் பார்த்து லீக்கைத் தேர்ந்தவர்களுக்கு, களத்தில் ஆடும் நிமிடக் கணக்கில் அடி விழும். கையெழுத்துப் போடும் முன் அந்த அணியின் ஆட்டக்காரர் பட்டியலை எடுத்து, குடியுரிமை பெற்றவர் இருக்கிறாரா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

இனி காகிதம். வரிசை மாறினால் சீசன் தொடக்கத்தில் ஆள் விமான நிலையத்தில் நிற்பார். முதலில் ஒப்பந்தம். அடுத்து, உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி கிளியரன்ஸ் கடிதம், அதாவது வேறு நாட்டில் ஆடத் தடையில்லை என்ற சான்று. புது நாட்டுக் கூட்டமைப்பு கேட்க, பிலிப்பைன்ஸ் கூட்டமைப்பான சமஹாங் பாஸ்கெட்போல் தர வேண்டும். இதை மறுக்க ஒரே காரணம்தான் செல்லும்: மாறும் தேதிக்குப் பிறகும் பழைய அணியோடு ஒப்பந்தம் நிலுவையில் இருப்பது. மூன்றாவது, ஜப்பானிலிருக்கும் கிளப் அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் வாங்கித் தரும் தகுதிச் சான்றிதழ். அது கையில் வந்த பிறகே மணிலா தூதரகத்தில் விசா. கூடைப்பந்து வீரருக்குக் கிடைப்பது எந்த விசா தெரியுமா? 'கேளிக்கையாளர்' விசா. ஒரு காலத்தில் பிலிப்பைன்ஸ் பாடகிகளும் நடனக்காரர்களும் ஜப்பான் இரவு விடுதிகளுக்குப் போன அதே வகை. கடைசியாக, வெளிநாட்டில் வேலைக்குப் போகும் பிலிப்பைன்ஸ்காரர் யாரும் காட்ட வேண்டிய ஓ.இ.சி. என்ற வேலைவாய்ப்புச் சான்று. உலகக் கோப்பை ஆடியவர் என்றாலும் வீட்டு வேலைக்குப் போகும் அக்கா நிற்கும் வரிசைதான். அதில் எனக்கு மகிழ்ச்சியே.

இப்போது அந்தக் கிளியரன்ஸ் கடிதத்துக்கு வருகிறேன். இங்கேதான் ரவேனா வீட்டுக் கதை.

வீடே விளையாட்டு வீடு. அப்பா போங் ரவேனா பி.பி.ஏ. வீரர், பிறகு பயிற்சியாளர். அம்மா கைப்பந்து, தங்கையும் கைப்பந்து. அண்ணன் கீஃபர், தம்பி தேர்டி. தம்பி பி.பி.ஏ. பக்கமே போகாமல் கல்லூரி முடித்து நேராக ஜப்பானுக்கு ஏறிவிட்டார். தடுக்க யாரிடமும் ஒப்பந்தம் இல்லை. அண்ணன் கதை வேறு. 2017-இல் பி.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது இரண்டாவது ஆளாக என்.எல்.இ.எக்ஸ். அணி எடுத்துக்கொண்டது. 2018-இல் ஜப்பானுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்குப் பிறகு ஊக்கமருந்துச் சோதனை. கடையில் சாதாரணமாகக் கிடைத்த ஊக்க பானம் ஒன்றில் தடை செய்யப்பட்ட பொருட்கள் கலந்திருந்ததால் 18 மாதத் தடை. பிள்ளைகளே, டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். சரி, திரும்பி வந்தார். 2020-இல் மூன்றாண்டுக்குப் புது ஒப்பந்தம் போட்டார்.

எட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்கும். 2021 ஜூனில் ஜப்பானின் ஷிகா லேக்ஸ்டார்ஸ், கீஃபர் ரவேனா எங்களுக்கு ஆடுகிறார் என்று அறிவித்தது. தம்பி அங்கே, அண்ணனும் அங்கே என்று ரசிகர்கள் துள்ளினார்கள். பி.பி.ஏ. ஆணையர் வில்லி மார்சியல் ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வைத்தார். அங்கே வீரர் ஒப்பந்தம் எல்லோருக்கும் ஒரே அச்சு. கையெழுத்திட்டால் காலம் முடியும்வரை கட்டு. அணி அவரை இன்னொரு அணிக்குத் தரலாம், மாற்றலாம், நீக்கலாம்; வீரர் தானாக விலக, இவ்வளவு கொடுத்தால் விடுதலை என்று சொல்ல அதில் ஒரு வரி இல்லை. ஷிகா அறிவித்துவிட்டது, மணிலா முடியாது என்கிறது, நடுவில் ஒரு மனிதர். தேசிய அணிக்கு ஆடியவர், தடைக்காலத்தைப் பொறுமையாகக் கழித்தவர், பழைய அணி முகாமுக்கே திரும்பினார். லீக்கும் லீக்கும் பேசின. ஒருவழியாகச் செப்டம்பரில், ஒரு சீசனுக்கு மட்டும் போகலாம் என்று அனுமதி வந்தது. அக்டோபரில் சீசன் தொடங்கியபோது அண்ணன் ஒரு பக்கம், தம்பி எதிர்ப்பக்கம். அந்த ஆட்டத்தை மணிலாவில் எத்தனை வீட்டில் பார்த்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நல்ல முடிவுதானே என்று செயலாளர் தலையசைக்கிறார். இல்லை ஐயா. மூன்று மாதம் அந்த வீரர் எந்த அணிக்காரர் என்றே தெரியாமல் நின்றார். ஷிகா தன் ஆட்டத் திட்டத்தை இரண்டு விதமாகப் போட வேண்டியிருந்தது. என்.எல்.இ.எக்ஸ். தன் முக்கிய ஆட்டக்காரரை இழந்தது, இழப்பீடு என்று கேட்க அதனிடம் ஒரு வாசகம் இல்லை. அடுத்த ஆண்டே பி.பி.ஏ. என்ன செய்தது? சொல்லாமல் வெளியே போகிறவர்களுக்குச் சில ஆண்டுகள் தடை என்று விதியைக் கொண்டுவந்தது. கொரியாவுக்குப் போன எஸ்.ஜே. பெலாங்கெலும் அபாரியென்டோஸும் தமாயோவும் அதற்குக் கட்டுப்பட்டவர்களா? அவர்கள் கல்லூரியிலிருந்தே போய்விட்டார்கள். கட்டி வைத்த கயிறு, கட்டிப்போட வேண்டியவர் கழுத்தில் இல்லை.

நான் எங்கே போனாலும் சொல்வது இதைத்தான். உள்நாட்டு ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் விடுவிப்புத் தொகை எழுதுங்கள். இன்ன தேதிக்குள், இன்ன தொகை கட்டினால், அணி இத்தனை நாளில் கிளியரன்ஸுக்குச் சம்மதிக்கும். எண் பெரிதாக இருக்கட்டும், பரவாயில்லை. எழுதாத ஒன்றுக்குப் பேரம் பேச முடியாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றுதான் சொன்னார்கள், அள்ளிப் போடு என்று சொல்லவில்லை.

மூன்றாவது, பணம். பி.பி.ஏ.யில் உச்ச மாதச் சம்பளம் 4,20,000 பெசோ. ஒரு உதாரணத்துக்கு ஜப்பான் கிளப் மாதம் 10 லட்சம் யென் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 நடுவில் டாலருக்குச் சுமார் 110 யென், 48 பெசோ. அப்போது அது 4,36,000 பெசோ. உள்ளூர் உச்சத்தைத் தாண்டியது. 2024 ஜூலையில் டாலருக்கு 160 யென், 58 பெசோ. அதே 10 லட்சம் அப்போது 3,62,000. ஒரு ஆட்டமும் தோற்காமல் வீரர் 74,000 பெசோ இழந்தார். டாலரில் எழுதுங்கள், அல்லது மாற்று விகிதம் இதற்குக் கீழே போனால் கிளப் ஈடுகட்டும் என்று ஒரு அடித்தளம் எழுதுங்கள். அடுத்து வரி: ஓராண்டுக்குக் குறைவாகத் தங்குபவரின் சம்பளத்தில் ஜப்பான் 20.42 சதவீதம் பிடிக்கும். சொன்ன தொகை வரிக்கு முன்பா பின்பா என்று ஒப்பந்தம் சொல்லவில்லை என்றால், ஐந்தில் ஒரு பங்கு தகராறில் நிற்கிறது. வீடு, கார், மொழிபெயர்ப்பாளர், குடும்பத்துக்கு விமான டிக்கெட் எல்லாம் வாய்வார்த்தையாக வரும், தாளில் ஏற்றுங்கள். ஏஜென்டிடம் ஃபிபா உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள், பத்து சதவீதத்துக்கு மேல் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

காயம் வந்தால்? அபாண்டோ 2023 டிசம்பரில் கீழே விழுந்து முதுகெலும்பில் முறிவு. காய் சொட்டோ 2025 ஜனவரியில் கோஷிகாயா அணிக்கு ஆடும்போது முழங்காலில் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்து, அந்த ஆண்டு ஆசியக் கோப்பையையும் தவறவிட்டார். ஜப்பானில் 60 ஆட்டம், அதிலும் சனி, ஞாயிறு அடுத்தடுத்து அதே எதிரணியோடு; கொரியாவில் 54. காயம் பட்டால் மீதிச் சம்பளம் தொடருமா, அறுவை சிகிச்சை எந்த ஊரில், மருத்துவச் சோதனையை வந்திறங்கி எத்தனை மணி நேரத்துக்குள் கிளப் முடிக்க வேண்டும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் சம்பளம் குறையுமா என்பதும்தான். ஷிகா 2023-இல் இறங்கி 2024-இல்தான் ஏறியது. தகராறு வந்தால் ஜெனிவாவிலுள்ள கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆனால் அந்தத் தீர்ப்பாயத்தின் பெயர் ஒப்பந்தத்தில் இருந்தால் மட்டுமே. இல்லையென்றால் அந்த வாசல் மூடியதுதான்.

தலைவர் அவர்கள் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். அதில் 'உணவு தயார்' என்று எழுதியிருக்கிறது, மிரட்டல்தான். பெண்கள் கூடைப்பந்தைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். அதற்குத் தனிக் கூட்டம் போடுங்கள், வருகிறேன். தேசிய அணிப் போட்டிகளுக்கு வீரரை விடுவிப்பதைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். பயண நாட்களையும் கணக்கில் சேர்த்து எழுதுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விடுவிப்புத் தொகை வாசகத்தின் மாதிரி ஒன்று அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன், வாசல் பக்க மேசையில் இருக்கிறது. மூன்று இடம் காலியாக விட்டிருக்கும்: வெளியேறக் கடைசித் தேதி, தொகை, அணி சம்மதம் தர வேண்டிய நாள் கணக்கு. தேதியைச் சீசன் நடுவில் போடாதீர்கள், எந்த அணியும் ஒப்புக்கொள்ளாது. கடைசி ஆட்டம் முடிந்து முப்பது நாள் என்று போடுங்கள். தொகைக்கு, மீதமிருக்கும் மாதச் சம்பளத்தில் பாதி என்பது பேச்சைத் தொடங்க நல்ல இடம். நாள் கணக்கு ஏழு. கழகத்தின் அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்க ஒப்புதல் தருபவர்கள் தாளின் பின்பக்கத்தில் கையெழுத்திட்டு, செயலாளர் அவர்களிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். நன்றி, வணக்கம்.